துருப்பிடித்த நட்டைச் சூடாக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த

துருவேறிய நட்டைக் கழற்ற உதவும் கையடக்க இண்டக்ஷன் ஹீட்டரில் (காந்தப்புலத்தால் உலோகத்தைச் சூடாக்கும் கருவி) எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைப் பெரும்பாலும் அதன் காயில்தான் (கம்பிச்சுருள்) தீர்மானிக்கிறது. நட்டின் மேல் உரசாமல், சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் விட்டு நுழையும் காயிலையே மாட்டுங்கள். தொளதொளவென்ற பெரிய காயிலைப் போட்டால் காந்தப்புலத்தின் பெரும்பகுதி நட்டில் படாமலே போகும். காயில்தான் வீணாகச் சூடேறும். நட்டு சுற்றுகளின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் அல்ல.

நட்டு செக்கச்செவேலென்று ஆகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எஃகு சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத்தன்மையை இழந்துவிடும். அதன்பின் அது சூடேறும் வேகம் குறையும். சில வினாடிகள் சூடாக்கி, ஸ்பேனரைப் போட்டுப் பாருங்கள். அசையவில்லையா, மறுபடியும் கொஞ்சம். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம், அதிலேயே மின்சாரம் வீணாகும். காந்தத்தன்மை இல்லாத பித்தளை, அலுமினிய நட்டுகளோடு இதை வைத்து மல்லுக்கட்டுவது வெட்டிவேலை.