காரணத்தைத் தேடும்போது எங்கே தவறுகிறோம்?

ஸ்ட்ராவில் தண்ணீர் எப்படி மேலே வருகிறது என்று கேட்டால், "உறிஞ்சுகிறோம், வருகிறது" என்பார்கள். காற்றழுத்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் பெரும்பாலும் இதையேதான் சொல்வார்கள். சரி, ஒரு பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவைச் செருகி, பாட்டிலின் வாயைச் சுற்றிக் காற்றுப் புகாதபடி களிமண்ணால் அடைத்துவிடுங்கள். இப்போது உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் குழி விழும், தண்ணீர் ஏறாது. களிமண்ணில் ஒரு சின்னத் துளை போட்டதும் சரசரவென்று ஏறும்.

உறிஞ்சிய வேகம் இரண்டு முறையும் ஒன்றுதான். வாய்க்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தண்ணீரின் மேல் அழுத்துகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீரை ஏற்றுகிறது. அதாவது காரணம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாமோ எதற்கும் "செய்தது யார்?" என்று ஓர் ஆளைத் தேடியே பழகிவிட்டோம். எனக்குத் தெரிந்து மற்றப் பல தவறுகளுக்கும் வேர் இதுதான். "கனமானது மூழ்கும்" என்பதும் இப்படி வந்ததே. சாதாரணத் தண்ணீரில் மூழ்கும் முட்டை, உப்பை நிறையக் கரைத்த தண்ணீரில் மிதக்கும். முட்டை மாறவேயில்லை.

அடுத்தது, ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது. அல்சருக்கு மன உளைச்சலும் அமிலமும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. மகத்தான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. அப்புறம் பலர் "ஓ, கிருமிதான் காரணமா" என்று பழைய ஒற்றைக் காரணத்தை எடுத்துவிட்டுப் புதிய ஒற்றைக் காரணத்தை வைத்துக்கொண்டார்கள். ஆனால் இந்தக் கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அல்சர் வருவதில்லை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கிருமி இல்லாமலும் வருகிறது. எந்தக் காரணத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: இது இருந்தும் வராதவர்கள் உண்டா? இது இல்லாமலும் வந்தவர்கள் உண்டா?

"மரபணு எத்தனை சதவீதம், உணவு எத்தனை சதவீதம்?" என்று ஒருவருக்கு வந்த நோயைப் பங்கு பிரிப்பதும் பல சமயம் பொருந்தாது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரைக் கோளாறோடு பிறந்த குழந்தை சாதாரண உணவையே சாப்பிட்டு வந்தால் மூளை பாதிக்கப்படும். பிறந்தவுடன் கண்டுபிடித்து, புரத உணவுகளில் இருக்கும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைக் குறைத்த உணவு கொடுத்தால் அந்தப் பாதிப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஒரு செவ்வகத்தின் பரப்பில் நீளத்தின் பங்கு எவ்வளவு, அகலத்தின் பங்கு எவ்வளவு என்று யாராவது கேட்பார்களா?

காரணம் பக்கத்திலேயே இருக்கும் என்ற எண்ணமும் ஏமாற்றும். குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரேக்களிலும் பயன்படுத்தப்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் பெரும்பாலும் வெளியானது வட அரைக்கோளத்தில். ஓசோன் ஓட்டை விழுந்ததோ அண்டார்டிகாவின் மேல். அது உலகத்துக்குத் தெரியவந்தது 1985இல். அதற்குள் அந்த வாயுக்கள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தன.

கற்பிப்பவர்களுக்கு ஒன்று. சோதனையைச் செய்து காட்டினால் மட்டும் போதாது. என்ன நடக்கும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். பார்த்த பிறகு, "இந்தக் காரணம் எந்த மாதிரி? ஒன்றையொன்று தள்ளும் வரிசையா, சுற்றிச் சுற்றி வருவதா, இரண்டுக்கும் இடையிலான உறவா?" என்று வெளிப்படையாகப் பேச வையுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் டீனா குரோட்சர் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவதும் இதைத்தான்.

அசையாத தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டுவிட்டு "ஏன் பரவுகிறது?" என்று கேளுங்கள். "இடம் இருக்கிற பக்கம் போகிறது" என்று பதில் வரும். எந்த மூலக்கூறுக்கும் இடம் தெரியாது. ஒவ்வொன்றும் மோதி மோதி எல்லாப் பக்கமும் தள்ளாடுகிறது, திரும்பியும் வருகிறது. நெரிசலான பக்கத்தில் எண்ணிக்கை அதிகம் என்பதால் அங்கிருந்து வெளியேறுபவையும் அதிகம். முழுக்கக் கலந்த பிறகும் அந்தத் தள்ளாட்டம் நிற்பதில்லை.