கடுங்குளிர் மலை வேட்டைக்குக் கிளம்பும் முன்: சாமான்களை வீட்டிலேயே சோதிப்பது எப்படி

மலையேறுபவர் நடந்துகொண்டே இருப்பார், உடம்பு சூடாகவே இருக்கும். வேட்டைக்காரரின் பாடு வேறு. விடியுமுன் பதினைந்து கிலோ சுமையோடு செங்குத்தாக ஏறி, முதுகு நனைய வியர்த்து, மேட்டில் போய் மூன்று மணி நேரம் பைனாகுலரைப் பிடித்தபடி அசையாமல் உட்கார வேண்டும். குளிர்கால வேட்டைச் சாமான் எதுவானாலும் அதற்கு வைக்க வேண்டிய பரீட்சை இந்த மாற்றம்தான்: வியர்வையிலிருந்து அசைவின்மைக்கு. லேபிளில் அச்சிட்ட எண்கள் எதுவும் இதை அளப்பதில்லை.

நல்ல வேளையாக, சோதனைக்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு ஃப்ரீசர் ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதோடு ஒரு குளியலறை, பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு, குளிரான ஒன்றிரண்டு இரவுகள் போதும். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். தேறாத பொருளை மாற்றவும், மாற்றியதை மறுபடி சோதிக்கவும் அவகாசம் வேண்டும். பலரும் துப்பாக்கியில் தொடங்கி, நேரம் மிஞ்சினால் பூட்ஸைப் பார்ப்பார்கள். வரிசையைத் திருப்புங்கள். கால்விரல் மரத்துப் போனவர் குறிபார்க்கும் இடத்துக்கே போய்ச் சேரமாட்டார்.

உடை

உள்சட்டையைத் தண்ணீரில் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். மேலே ஃப்ளீஸ் (புசுபுசுவென்ற செயற்கை இழைத் துணி), அதற்கு மேல் தூவியோ இழையோ நிரப்பி உப்பிய பஃபி ஜாக்கெட், கடைசியாகக் காற்றுத் தடுப்பு. 0 முதல் 5 டிகிரி வரையுள்ள இரவில் வாசலில் ஒரு நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். உடம்பு உதறத் தொடங்கினால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுங்கள். அந்த அடுக்கு தேறவில்லை.

ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் ஒவ்வொரு அடுக்காகக் கழற்றித் தடவிப் பாருங்கள். உள்சட்டை பெரும்பாலும் உலர்ந்து, ஃப்ளீஸின் வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் ஈரம் சரியான திசையில் நகர்கிறது. சட்டை இன்னும் சொதசொதவென்று இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். பருத்தி இந்தச் சோதனையில் ஒருபோதும் தேறாது, சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் கனமுள்ள மெரினோ கம்பளி பெரும்பாலும் தேறும். பஃபியின் உள்துணி நனைந்து வாத்துத் தூவி கட்டி கட்டியாகத் திரண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வியர்வை அதிகம் விடும் உடம்புக்குச் செயற்கை இழை நிரப்பிய ஜாக்கெட்டே மேல். கனம் சற்றுக் கூடும்தான், ஆனால் நனைந்தாலும் காலை வாராது.

பஃபியின் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் மெல்லிய சட்டை மேல் போட்டுப் பார்த்து வாங்குவார்கள். மலையில் அது எல்லா அடுக்குக்கும் மேலே போக வேண்டும். தோளிலும் முழங்கையிலும் இறுக்கினால் நிரப்பு நசுங்கும், நசுங்கிய இடத்தில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் சூடு தங்காது. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பாருங்கள். துப்பாக்கியின் பின்கட்டை தோள்குழியில் சரியாக அமராமல் வழுக்கினால் ஒரு அளவு மாற்ற வேண்டும். அமெரிக்க, கனடிய மாநிலங்கள், மாகாணங்கள் பலவற்றில் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் ஒளிரும் ஆரஞ்சு மேலாடை சட்டப்படி கட்டாயம். அதுவும் பஃபிக்கு மேலே ஏறும் அளவில் இருக்க வேண்டும்.

இனி ஓசை. வெளி ஜாக்கெட்டை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையை மற்றொரு கையின் மேல் மெதுவாக உரசுங்கள். அறைச் சூட்டில் மெத்தென்றிருந்த மழைத்துணி குளிரில் விறைத்து, காய்ந்த சருகு போலச் சரசரக்கும். ஆனை விலை குதிரை விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டுகள் சில இங்கேதான் பல்லிளிக்கும். அந்த ஓசை உங்களுக்கே கேட்டால் மானுக்கு எப்போதோ கேட்டுவிட்டது. அதைப் பையில் மழைக்கென்று வைத்துக்கொண்டு, பதுங்கி நகரும்போது கம்பளி அல்லது ஃப்ளீஸ் முகத்துணி உள்ளதை அணியுங்கள்.

கைக்கு மூன்றடுக்கு வேண்டும்: மெல்லிய உள்ளுறை, வேலைக்கான கையுறை, எல்லாவற்றுக்கும் மேலே விரல் பிரியாத பெரிய உறை. நடு அடுக்கைப் போட்டபடி இந்த வேலைகளைச் செய்து பாருங்கள்: தோட்டா ஏற்றி இறக்குவது (வெடிமருந்தில்லாத போலித் தோட்டாவால்), துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டான சேஃப்டியைத் தள்ளுவது, பையின் கொக்கியைப் பூட்டுவது, அடுப்பு பற்றவைப்பது, டென்ட் ஜிப்பைத் திறப்பது, பைனாகுலர் ஃபோகஸைச் சுழற்றுவது. எதற்கு வெறுங்கை தேவைப்படுகிறதோ அதைத் திருத்துங்கள். ஜிப் முனைகளில் 3 மில்லிமீட்டர் கயிற்றை ஐந்து சென்டிமீட்டர் வளையமாகக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். காசே ஆகாத திருத்தம் இது, அதனாலேயே யாரும் செய்வதில்லை.

கால்

பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் எவ்வளவு காப்பு அடைத்திருந்தாலும் பயனில்லை. ரத்தம் போகாத பாதம் குளிர்ந்தே தீரும். பயணத்தில் போடப்போகும் கனமான காலுறையோடு, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பாருங்கள். உள்ளே ஐந்து விரலையும் மடக்கி விரிக்க இடம் வேண்டும். 400 கிராம் என்று குறித்த காப்பு (பூட்ஸின் எடையல்ல, ஒரு சதுர மீட்டர் காப்புப் பொருளின் எடை) ஏறி இறங்கி நடப்பவருக்கு. ஒரே இடத்தில் உட்காருபவருக்கு 800 அல்லது அதற்கு மேல். 800 கிராம் பூட்ஸோடு மலையேறினால் பாதம் வியர்த்து, உட்கார்ந்ததும் அந்த ஈரமே விரலைக் கடிக்கும். ஏறும்போது இலகுவானது, உட்காரும்போது அதன் மேலே மாட்டும் காப்புறை என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

மூன்று சோதனைகள். வாளியில் கணுக்கால் அளவு தண்ணீர் வைத்து 20 நிமிடம் நின்று, காலுறையை எடுத்துப் பாருங்கள். சரிவான பாதையில் சுமையோடு இறங்குங்கள். விரல் நுனி முன்பக்கம் இடித்தால் நகம் கறுக்கும். படிக்கட்டின் விளிம்பில் பாதத்தின் பக்கவாட்டால் நின்று பாருங்கள். அடிப்பாகம் முறுக்கிக்கொண்டால் பனிச்சரிவில் கால் நிற்காது. புது பூட்ஸைச் சுமையோடு இரண்டு மூன்று வாரம் நடந்து பழக்காமல் எடுத்துப் போக வேண்டாம்.

தூக்கம்

ஸ்லீப்பிங் பேக்கில் ஐ.எஸ்.ஓ. 23537 தரப்படி அளந்தவற்றுக்கு கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலைகள் இருக்கும். பெரிய எழுத்தில் போட்டிருப்பது பல நேரம் லிமிட்தான். அது சுருண்டு படுத்து ஒருவழியாகத் தூங்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கும் கணக்கு, அதை மறந்துவிடுங்கள். போகும் இடத்தின் மிகக் குளிர்ந்த இரவை விட 5 டிகிரி கீழே கம்ஃபர்ட் எண் உள்ளதை எடுங்கள். களைத்து, பட்டினியாய்ப் படுக்கும் உடம்பு, இந்த எண்களை அளக்க ஆய்வகத்தில் பேக்குக்குள் வைக்கும் பொம்மையைப் போல நடந்துகொள்ளாது.

பழைய பேக்காக இருந்தால் விரித்து உதறி இரண்டு மணி நேரம் விட்டு, அதன் உயரத்தை அளவுகோலால் அளந்து, வாங்கியபோது இருந்ததோடு அல்லது தயாரிப்பாளர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் தூவி விலகிய வெற்றிடங்கள் தெரியும். வாத்துத் தூவி பேக்கில் ஒவ்வொரு இரவும் உடம்பின் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கி உறையும். நான்கைந்து இரவுக்கு மேல் போனால், பகலில் வெயிலில் விரிக்க வாய்ப்பு இருக்குமா என்று யோசித்து வாங்குங்கள்.

பேக்கை விட அதன் அடியில் விரிக்கும் பாய் முக்கியம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உடம்பின் எடையில் அடியிலுள்ள தூவி நசுங்கிவிடுவதால், தரையின் குளிரைத் தடுப்பது பாய் மட்டுமே. அதன் அளவுகோல் ஆர் மதிப்பு, அதாவது வெப்பம் கடந்து போவதை எவ்வளவு தடுக்கிறது என்ற எண். ஏ.எஸ்.டி.எம். எஃப் 3340 தரப்படி அளந்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். பனியில் 5க்குக் குறையக் கூடாது. இந்த மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம்: ஆர் 4 உள்ள காற்றுப்பாயின் அடியில் ஆர் 2 உள்ள நுரைப்பாய் போட்டால் 6. காற்றுப்பாய் ஓட்டை விழுந்தாலும் நுரைப்பாய் கைகொடுக்கும், பகலில் பனியில் உட்காரவும் அதுவே ஆசனம்.

டென்டை இருட்டில், கையுறையோடு, பத்து நிமிடத்துக்குள் அடிக்க முடிய வேண்டும். கம்புகளின் உள்ளே ஓடும் ரப்பர் கயிறு குளிரில் தொய்ந்து, துண்டுகள் கழன்று கழன்று விழும். கம்புக் கட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்துச் சேர்த்துப் பாருங்கள். தளர்ந்த கயிற்றை இப்போதே மாற்றிவிடுங்கள்.

அடுப்பும் தண்ணீரும்

கேஸ் குப்பியின் கலவையைப் படியுங்கள். சாதா பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில் ஆவியாவதை நிறுத்திவிடும், ஐசோபியூட்டேன் ஏறக்குறைய மைனஸ் 12இல், புரொப்பேன் மைனஸ் 42இல். கலவைக் குப்பியில் புரொப்பேன் முதலில் தீரும். அதனால்தான் முழுக் குப்பி சீறி எரிந்து, பாதியானதும் அதே அடுப்பு முனகுகிறது. சோதிக்கும்போது பாதி தீர்ந்த குப்பியை வைத்தே சோதியுங்கள், குளிரான இரவில், வெட்டவெளியில். மைனஸ் 15க்குக் கீழே போகும் இடமானால் ஒயிட் கேஸ் (பெட்ரோல் வகைத் திரவ எரிபொருள்) எரிக்கும் பம்ப் அடுப்பே நம்பகமானது. ஆனால் அந்தக் குளிரில் திரவ எரிபொருள் கையில் சிந்தினால் நொடியில் தோல் உறையும். பம்பின் வளையங்களுக்கு எண்ணெயிட்டு, மாற்று வளையங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் எரிபொருளைக் கோடைக் கணக்கில் போடாதீர்கள். 0 டிகிரியிலுள்ள ஒரு கிலோ பனியைத் தண்ணீராக்க மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே தண்ணீரை 0விலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்க எவ்வளவு எரிபொருள் போகிறது என்று எடை போட்டுப் பார்த்து, அதை நாட்களால் பெருக்குங்கள். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிறகு பனியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடித்த வாடை வரும். மூடிய டென்டுக்குள் எந்த அடுப்பும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், குழாய் முதல் மணி நேரத்திலேயே உறையும். அகன்ற வாய்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலே கட்டும், மூடிப்பக்கம் திறக்க வரும். நுண்குழல் வகை வடிகட்டி ஒருமுறை நனைந்து உறைந்தால் உள்ளிழைகள் வெடித்துவிடும். வெளியே எதுவும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் கூடவே வரும். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் கொதிக்கவைத்தே குடிக்கட்டும்.

துப்பாக்கி, கண்ணாடி, மின்கலம்

குளிரில் துப்பாக்கியின் எதிரி எண்ணெய். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி, அதற்குள் உள்ள ஃபயரிங் பின்னையும் சுருள்வில்லையும் கரைப்பானால் எண்ணெய் போகத் துடைத்து, உலர் கிராஃபைட் மட்டும் தூவுங்கள். எண்ணெய் கெட்டியானால் அந்தப் பின் வேகமிழந்து, தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை மென்மையாகத் தட்டும், தோட்டா வெடிக்காது. சோதனை: காலியான துப்பாக்கியைப் பாதுகாப்பாக மூன்று மணி நேரம் வெளிக்குளிரில் வைத்து, சுடுதளத்தில் சுட்டு, சுட்ட தோட்டாவின் வெற்றுறைகளில் பின் தட்டிய பிரைமர் பள்ளத்தைச் சூடான நாளில் சுட்டவற்றோடு ஒப்பிடுங்கள். பள்ளம் ஆழம் குறைந்திருந்தால் மறுபடி கழற்றித் துடையுங்கள். குளிரில் வெடிமருந்து மெதுவாக எரிவதால் குண்டு தாழ்ந்து படும், ஆகவே குறி அளவைக் கோடையில் எடுத்ததோடு விட்டுவிடக் கூடாது. குழல் வாயில் ஒரு சுற்று மின்னொட்டு நாடா ஒட்டுங்கள். உள்ளே பனி அடைத்தபடி சுட்டால் குழல் வெடிக்கலாம். இரவில் துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். வியர்த்து, காலையில் உறைந்து, போல்ட் இறுகும்.

பைனாகுலரையும், துப்பாக்கியின் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பையும் ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து வெளியே எடுங்கள். மூடுபனி படியும். துடைத்தால் போனால் அது வெளிப்பக்கம். துடைத்தும் போகாத மங்கல் உள்ளே இருந்தால் அடைப்பு பழுது, பழுதுபார்க்க அனுப்பலாம்.

அல்கலைன் பேட்டரி குளிரில் சீக்கிரம் துவண்டுவிடும். ஹெட்லாம்புக்கு, அது ஏற்கும் என்றால், ரீசார்ஜ் செய்யாத லித்தியம் பேட்டரி போடுங்கள், மைனஸ் 40 வரை வேலை செய்யும். போன், ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் தொடர்புக் கருவி மூன்றும் உடம்போடு ஒட்டிய பையில். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துபோன போனை அப்படியே சார்ஜில் போட்டால் மின்கலம் நிரந்தரமாகக் கெடலாம், முதலில் சூடேறட்டும்.

இறைச்சிச் சுமை

முதுகுப்பையைக் கடையில் மாட்டிப் பார்ப்பது ஒன்றுக்கும் உதவாது. எல்க் என்ற பெரிய மானின் எலும்பு நீக்கிய இறைச்சியே எழுபது கிலோவைத் தாண்டும், ஒரு நடைக்கு 30 கிலோவாவது தூக்க வேண்டியிருக்கும். தண்ணீர் கேன்களில் அதே எடையைக் கட்டி ஐந்து கிலோமீட்டர் நடங்கள். இடுப்புப் பட்டை நழுவுகிறதா, சட்டகம் கிறீச்சிடுகிறதா, எடை தோளுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். பிளாஸ்டிக் கொக்கிகள் குளிரில் உடையும், இரண்டு மாற்றுக் கொக்கி கட்டாயம்.

காற்றோடும் இறைச்சிப் பைகள் நான்கைந்து வேண்டும். குளிர்தானே என்று தோலோடு விட்டால், தோலே போர்வையாகி உள்ளே தொடை எலும்பருகில் இறைச்சி கெட்டுவிடும். பிளேடு மாற்றும் கத்தி கூர்மையானது, ஆனால் மூட்டில் நெம்பினால் முறிந்து தெறிக்கும். நிலையான அலகுள்ள சிறு கத்தியும் ஒன்று கூடவே இருக்கட்டும். மெல்லிய கம்பளி உள்ளுறைக்கு மேல் ரப்பர் கையுறை போட்டு அறுத்தால் ரத்தம் நனைத்துக் கை உறையாது.

கடைசியாக ஓர் இரவு ஒத்திகை. காரிலிருந்து நூறு மீட்டருக்குள், எதிர்பார்க்கும் குளிருக்கு அருகில் வரும் இரவில், முழுச் சாமானோடு தங்குங்கள். காரிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். எடுக்கத் தோன்றியதை எல்லாம் எழுதிவையுங்கள். ஒருமுறைகூடத் தொடாத பொருள்களைத் தனிப் பட்டியல் போட்டு, முதலுதவி, பழுதுபார்ப்புப் பொருள், தொடர்புக் கருவி தவிர மற்றவற்றை நீக்குங்கள். அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், பயணக் குலுக்கலில் ஸ்கோப் நகர்ந்ததா என்று அனுமதியுள்ள இடத்தில் மூன்று தோட்டா சுட்டுப் பாருங்கள். முதல் தோட்டாவைக் குளிர்ந்த குழலோடு சுட்டு, அது பட்ட இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.