அரிமான சென்சாரைத் தண்ணீரில் விடும் முன் ரெசிஸ்டரில் பாருங்கள்

தண்ணீரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்க்க மூன்று எலெக்ட்ரோடு வைத்து சர்க்யூட் கட்டுபவர்கள், கட்டி முடித்த கையோடு அதை வாளித் தண்ணீரில் முக்கிவிடுகிறார்கள். அப்புறம் எண் கோணலாக வந்தால் கோளாறு தண்ணீரிலா, எலெக்ட்ரோடிலா, சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சில்லிலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. நானும் இப்படி ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு போலி செல் கட்டுங்கள், அதாவது தண்ணீருக்கும் எலெக்ட்ரோடுக்கும் பதிலாக நிற்கும் சிறு சர்க்யூட். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு இணையாக, போலாரிட்டி இல்லாத 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இந்த ஜோடிக்குத் தொடராக 1 கிலோ ஓம். 4.7 கிலோ ஓம்தான் உலோகப் பரப்பின் துருவமாதல் தடை (இது கூடினால் அரிமானம் குறைவு), நாம் தேடுவது அதைத்தான். 1 கிலோ ஓம் நடுவில் இருக்கும் தண்ணீர். ரெஃபரன்ஸ் (மின்னழுத்தத்தை ஒப்பிட), கவுன்டர் (மின்னோட்டம் செலுத்த) இரண்டு வயர்களையும் சேர்த்து 1 கிலோ ஓம் முனையில் கொடுங்கள், வொர்க்கிங் வயர் (சோதிக்கும் இரும்புக்குப் போவது) மறுமுனையில்.

இப்போது -10, -5, 0, 5, 10 மில்லிவோல்ட் என்று கொடுத்து மின்னோட்டத்தைக் குறியுங்கள். கொடுக்கிற 10 மில்லிவோல்ட் உண்மையிலேயே 10-தானா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள், அதில் 1 மில்லிவோல்ட் தவறினாலே 10 சதவீதம் பிழை. 10-க்கு 1.75 மைக்ரோஆம்பியர் வர வேண்டும். மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் ஆப்-ஆம்பின் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 100 கிலோ ஓம் என்றால் வெளியீடு 175 மில்லிவோல்ட். பூஜ்யத்தில் வரும் மிச்சம் ஆஃப்செட், மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்து கோட்டின் சரிவை எடுத்தால் அது தானாகக் கழிந்துவிடும். 4.7-ஐ எடுத்துவிட்டு 1 கிலோ ஓம், பிறகு 47 கிலோ ஓம் போட்டும் பாருங்கள். 47-இல் 0.2 மைக்ரோஆம்பியர்தான் ஓடும், அங்கேதான் எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் மாட்டிக்கொள்ளும், அதன் உள்ளீட்டில் ஓடும் பயாஸ் மின்னோட்டமே பல பத்து நானோஆம்பியர். எல்எம்சி6482 மாதிரி சீமாஸ் உள்ளீடு உள்ளதைப் போடுங்கள்.

சரி, சரிவிலிருந்து கிடைப்பது 5.7 கிலோ ஓம், ஆனால் நமக்கு வேண்டியது 4.7. பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடல்நீரில் தண்ணீரின் தடை அற்பம், விட்டுவிடலாம். ஆனால் கடத்துதிறன் செ.மீ.க்கு 500 மைக்ரோசீமன்ஸ் உள்ள குழாய்த் தண்ணீரில், 1 சதுர செ.மீ. தகடுகள் 1 செ.மீ. இடைவெளியில் எதிரெதிரே இருந்தால் தண்ணீர் மட்டுமே 2000 ஓம். உலோகத்தின் தடையும் அதே அளவு என்றால், அரிமானம் பாதியாகத்தான் தெரியும். அதனால் 1 கிலோஹெர்ட்ஸில் சிறு சைன் அலை கொடுத்து ஒருமுறை அளங்கள். கெபாசிட்டர் கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடும், மிஞ்சுவது தண்ணீர்த் தடை, அதைக் கழியுங்கள். போலி செல்லில் இந்த அளவு 1 கிலோ ஓம் காட்டாவிட்டால் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்து நிஜ எஃகு. 600-ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, 1 சதுர செ.மீ. தவிர மற்றதை எபாக்சியால் மூடி, மின்னழுத்தம் அசையாமல் நிற்கும்வரை, குறைந்தது ஒரு மணி நேரம், ஊறவிடுங்கள். ±10 என்பது அப்படி நின்ற மின்னழுத்தத்திலிருந்துதான், பூஜ்யத்திலிருந்து அல்ல. நிஜப் பரப்பு மெதுவாகத்தான் நிலைக்கு வரும், ஆகவே விநாடிக்கு 0.167 மில்லிவோல்ட் வேகத்தில் நகர்த்துங்கள்.

ஸ்டெர்னும் கியரியும் 1957-இல் தந்த வழிப்படி, 26 மில்லிவோல்ட்டைத் துருவமாதல் தடையால் வகுத்தால் அரிமான மின்னோட்டம். 2000 ஓம் என்றால் 13 மைக்ரோஆம்பியர். இரும்புக்கு, 1 சதுர செ.மீ. பரப்பில் ஒரு மைக்ரோஆம்பியருக்கு ஆண்டுக்கு 0.0116 மி.மீ. என்று பெருக்கினால் சுமார் 0.15 மி.மீ.

அந்த 26 பொதுவான எண்தான், உங்கள் தண்ணீருக்கு 15-ஆகவும் இருக்கலாம், 40-ஆகவும் இருக்கலாம். அதே எஃகில் 20 சதுர செ.மீ. துண்டு ஒன்றை எடைபோட்டு, அதே தண்ணீரில் 30 நாள் தொங்கவிடுங்கள். பிறகு இன்ஹிபிட்டர் (அமிலம் இரும்பைத் தின்பதைக் குறைக்கும் பொருள்) கலந்த அமிலத்தில் துருவை நீக்கி மறுபடி எடைபோடுங்கள். மேலே சொன்ன வேகத்தில் 0.2 கிராம் குறையும், மில்லிகிராம் காட்டும் நகைக்கடைத் தராசு போதும். தண்ணீரில் போடாத, அதே எஃகின் இன்னொரு துண்டையும் அதே அமிலத்தில் அதே நேரம் முக்கி, அமிலம் தின்றதைக் கழிக்க வேண்டும். உண்மையான இழப்பை சென்சாரின் 30 நாள் சராசரியோடு ஒப்பிட்டு 26-ஐ அதே விகிதத்தில் மாற்றுங்கள். சராசரி முதல் நாளிலிருந்தே வேண்டும், ஆரம்ப நாட்களில்தான் வேகம் அதிகம்.