இறுகிப்போன பழைய தையல் மிஷினை மீண்டும் ஓட வைப்பது எப்படி?

பரணிலோ பின்கட்டிலோ பல ஆண்டுகள் கிடந்த தையல் மிஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அது அசையவில்லை என்றதும் ‘இது இனி உதவாது’ என்று ஆக்கர் கடைக்குப் போட்டுவிடும் வழக்கம் குமரி மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. இரும்பு விலைக்குப் போகும் அந்த மிஷின்கள் பலவற்றில் எந்தப் பாகமும் உடைந்திருப்பதில்லை. எப்போதோ விட்ட எண்ணெய் காய்ந்து, துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சும் தூசியும் அதில் படிந்து, எல்லாமாகச் சேர்ந்து அரக்குபோல் இறுகியிருக்கும், அவ்வளவுதான் குறை. அந்த இறுக்கத்தை இளக்கத் தெரிந்தால் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். திருகுகளைக் கண்டபடி முடுக்குவதும் தளர்த்துவதும் பழுது பார்ப்பதாகாது. முதலில் அழுக்கை எடுக்க வேண்டும், பிறகு எண்ணெய் விட வேண்டும், அதன் பிறகும் குறை தெரிந்தால் மட்டுமே அளவுகளில் கை வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் செய்தால், இதுவரை ஸ்குரூடிரைவரையே பிடித்திராதவர்களும் ஒரு மிஷினை மீட்டெடுத்துவிடலாம்.

நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்கு மிஷின் பஞ்சம் கிடையாது. லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்த காலந்தொட்டு ஊசியும் நூலும் இங்கே வீட்டு வருமானத்தோடு சேர்ந்தே இருந்துவருகின்றன. தையல் மிஷின் பரவிய பின் அதுவும் பல வீடுகளில் இடம்பிடித்தது. ஆனால் கடற்காற்றின் உப்பும், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறித் தரும் ஈரமும் இரும்புக்கு ஆகாதவை. ஆகவே குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் கிடைக்கும் மிஷின்களில் துரு கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தே அணுக வேண்டும்.

எந்த மிஷினை எடுக்கலாம்?

முதல் முறை செய்பவர்கள், கீழ் நூல் சுற்றிய பாபின் இருக்கும் பாபின் கேஸை இடது பக்கத்திலிருந்து செருகும் சாதாரண மாடலையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிங்கர் நிறுவனத்தின் 15 என்ற மாடலை ஒட்டிய அமைப்பு அது. 1930-களில் கல்கத்தாவின் ஜே இன்ஜினியரிங் வொர்க்ஸ் தொடங்கிய உஷா, பின்னாளில் வந்த மெரிட், லூதியானாவில் தயாரான ரீட்டா ஆகியவற்றின் கறுப்பு நிற மிஷின்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கான பாபின், பாபின் கேஸ், மேல் நூலைப் பிடித்துக் கீழ் நூலோடு பின்ன வைக்கும் ஷட்டில், ஊசி எல்லாம் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். படகு வடிவ ஷட்டிலும் நீண்ட பாபினும் கொண்ட பழைய சிங்கர் 28 கே போன்றவை மிகவும் அழகானவை. ஆனால் அவற்றின் ஷட்டில் தொலைந்துபோயிருந்தால் வேறு ஒன்று தேடிப் பிடிப்பது கடினம். எனவே அந்த வகையை வாங்குமுன் ஷட்டில் உள்ளே இருக்கிறதா என்று தட்டை நகர்த்திப் பார்த்துவிடுங்கள். மாடல் எண்ணுக்குப் பின்னால் ‘கே’ என்ற எழுத்து இருந்தால், அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் 1885 முதல் 1980 வரை இயங்கிய கில்போவி தொழிற்சாலையில் உருவானது என்று பொருள். சிங்கரின் தொடர் எண்ணுக்கு முன்னால் எழுத்து எதுவும் இல்லையென்றால், பொதுவாக அது 1900-க்கு முந்தைய மிஷினாக இருக்கும்.

வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் அந்த மிஷினை விட்டுவிடுங்கள். மரப்பெட்டியைக் கரையான் அரித்திருந்தால் கவலை வேண்டாம், அதை ஆசாரியிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். சக்கரம் சுற்றவில்லை என்பதற்காக மட்டும் எதையும் ஒதுக்க வேண்டாம். பழைய மோட்டாரும் தோல் உரிந்த வயரும் உள்ள மிஷின் கிடைத்தால், மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கையாலோ காலாலோ ஓட்டும் முறைக்கே கொண்டுவருவது பாதுகாப்பானது.

தேவையான பொருள்கள்

திருகின் காடிக்குச் சரியாகப் பொருந்தும் அகலத்தில் இரண்டு மூன்று ஸ்குரூடிரைவர்கள், அரை லிட்டர் மண்ணெண்ணெய், நிறமற்ற மிஷின் ஆயில், பழைய பருத்தி வேட்டித் துணி, ஒரு பல்துலக்கி, மிக நுண்ணிய இரும்புக் கம்பளி, ஒரு குறடு, புதிய ஊசிகள், திருகுகளைப் போட்டு வைக்க மூடியுள்ள டப்பாக்கள் ஆகியவை போதும். பழைய மிஷின்களின் திருகுகள் பலவற்றின் மரை வழக்கமான அளவில் இருக்காது என்பதால், ஒன்று தொலைந்தால் ஹார்டுவேர் கடைத் திருகு அதற்குப் பொருந்தாது. ஆகவே எந்தப் பாகத்தைக் கழற்றும் முன்பும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய திருகுகளை இடம் எழுதிய தனித்தனி டப்பாவில் இடுங்கள். மண்ணெண்ணெய் வேலையை அடுப்பும் விளக்கும் இல்லாத முற்றத்தில் செய்ய வேண்டும். நனைந்த துணிகளைச் சுருட்டி வீட்டுக்குள் போட்டு வைக்கக் கூடாது.

இறுக்கத்தை இளக்குதல்

ஊசி, துணியை அழுத்தும் கால், ஊசித்தட்டு, நகரும் தட்டு, இடப்பக்க முகத்தகடு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு மிஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். இரும்பு இரும்போடு உரசும் இடம் ஒவ்வொன்றிலும், மேலே உள்ள எண்ணெய்த் துளைகளிலும், மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு அப்படியே ஊற விடுங்கள். மறுநாள் காலையில் சக்கரத்தை உங்கள் பக்கமாகவும் எதிர்ப்பக்கமாகவும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நூல் அளவு அசைந்தாலும் போதும்; மீண்டும் மண்ணெண்ணெய் விட்டு, மீண்டும் காத்திருங்கள். சக்கரத்தில் குறடு போட்டுத் திருப்புவதும், சுத்தியலால் தட்டுவதும் நல்ல மிஷினைக் கெடுக்கும் வழிகள். அசைவே இல்லையென்றால், தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் கம்பித்தண்டு இறுகியிருக்கும் இடத்தில் சிறிது நேரம் காட்டலாம். ஆனால் மண்ணெண்ணெய் முழுவதும் துடைத்துக் காய்ந்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

நம் ஊரில் தேங்காய் எண்ணெய் விட்டு ஓட்டிய மிஷின்கள் நிறைய உண்டு. கைக்கெட்டிய எண்ணெயை விட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் பஞ்சை இழுத்து வைத்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் உறைந்தும்போகும். இத்தகைய மிஷின்களில் ஊறல் ஒரு முறை போதாது. பல்துலக்கியால் தேய்த்து, துணியால் துடைத்து, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இப்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் மிஷினின் கறுப்புப் பூச்சின் மேல், குறிப்பாகப் பொன்னிறச் சித்திரங்களின் மேல் படவே கூடாது. பழைய மிஷின்களின் மேற்பூச்சில் அரக்கு கலந்திருக்கும், ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். சோப்புத் தண்ணீரும் சித்திரத்தை உரித்துவிடக் கூடும். மேற்பரப்பை மிஷின் ஆயில் தோய்த்த மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள், துணியில் பொன்நிறம் ஒட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஷட்டில் பகுதி

பாபின் கேஸை எடுத்த பின், இருபுறமும் உள்ள சிறு நெம்புகளை விலக்கினால் வட்டமான வளையம் கையோடு வரும். அதற்குள் பிறைபோன்ற ஷட்டில் இருக்கும். ஷட்டிலை வெளியே எடுத்துவிட்டு, அது ஓடும் வட்டப் பாதையைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பாதையின் விளிம்பில், எப்போதோ அறுந்த ஒரு துண்டு நூல் எண்ணெயில் ஊறிப் பழுப்பேறி, இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடக்கும். விரல் நகத்துக்கு அது தட்டுப்படாது. ஊசி முனையால் நெம்பினால்தான் சுருள் அவிழ்ந்து வெளிவரும், பாதி வந்ததும் அறுந்து மறுபாதி உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. ‘கட் கட்’ என்று சிக்கி நிற்கும் மிஷின்கள் பலவற்றின் நோய் இந்த ஒரு துண்டு நூல்தான் என்பதால், இங்கே அவசரமே கூடாது. துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையிலும் பஞ்சு கெட்டித் தகடாகப் படிந்திருக்கும். அதையும் குத்தி எடுங்கள். ஷட்டிலின் முனையில் சிறு பிசிறு இருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளால் எண்ணெய் விட்டு மெல்லத் தேய்க்கலாம். ஓட்டப்பாதையில் உப்புத்தாள் வைக்காதீர்கள். திரும்பப் பொருத்தும்போது, ஷட்டிலின் பிறையும் அதைத் தள்ளும் பாகத்தின் பிறையும் சேர்ந்து ஒரு முழு வட்டமாக அமைய வேண்டும். அமையவில்லையென்றால் சக்கரத்தைச் சுற்றித் தள்ளும் பாகத்தை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து முயலுங்கள்.

சக்கரத்தின் நடுத்திருகைக் கழற்றும்போது, மூன்று காதுகள் வெளியே நீண்டும் இரண்டு சிறு காதுகள் உட்புறமாக மடங்கியும் உள்ள ஒரு வாஷர் கிடைக்கும். உட்காதுகளின் மடிப்பு உங்களை நோக்கி இருக்கும்படி அதை வைக்க வேண்டும். திருகை இறுக்கியும் சக்கரம் மட்டும் தனியே சுற்றினால், வாஷரை எடுத்து அரைச் சுற்றுத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும். இந்தச் சிறு தகட்டால் குழம்பிப்போய் மிஷினையே மூலையில் போட்டவர்கள் பலர் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

துருவும் எண்ணெயும்

நிக்கல் பூசிய தகடுகளில் உள்ள துருவை, மண்ணெண்ணெயில் நனைத்த இரும்புக் கம்பளியால் ஒரே திசையில் தேய்த்து எடுங்கள். பூச்சு உரிந்த இடங்களில் மேலும் தேய்ப்பதால் பயனில்லை. தேய்த்து முடித்த பாகத்தை அன்றைக்கே துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும், நம் ஊர்க் காற்றில் துடைத்த இரும்பு ஒரே இரவில் மீண்டும் செம்மை பூத்துவிடும்.

பிறகு ஒவ்வொரு துளையிலும் ஒன்றிரண்டு சொட்டு மிஷின் ஆயில் விட்டு, நூல் கோக்காமல், அடியில் ஒரு துணியை வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். முதலில் பழுப்பு நீர்போல் அழுக்கு வியர்த்துக் கம்பித்தண்டுகளின் ஓரமாக வழியும். அதைத் துடைத்துவிட்டு மீண்டும் எண்ணெய் விட்டு ஓட்டினால் நிறம் மெல்ல வெளுத்துக்கொண்டே வரும். துணியில் படியும் எண்ணெய் விட்ட நிறத்திலேயே வெளிவரும்வரை இதைத் தொடர வேண்டும். வண்டி எஞ்சின் ஆயில் இங்கே உதவாது.

ஊசி, நூல், டென்ஷன்

பழைய ஊசியை வைத்துக்கொண்டு தையல் சரியில்லை என்று சொல்வதில் பொருளில்லை. பருத்தித் துணிக்கு 14 அல்லது 16 எண் புதிய ஊசியை வாங்கி, மேலே முட்டும்வரை ஏற்றி இறுக்குங்கள். ஊசியின் தண்டில் நீளமான வரி உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் கண்ணுக்குள் நுழைய வேண்டும். இங்கே சொன்ன சாதாரண மாடலில் தட்டைப் பக்கம் இடதுபுறம் இருக்கும், நூல் வலமிருந்து இடமாகப் போகும். நூல் கோக்கும்போது அழுத்தும் காலை உயர்த்தியிருக்க வேண்டும். அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி நூலை உள்ளே ஏற்கும். அந்தத் தட்டுகளுக்கு இடையே மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்த ஒரு துணி நாடாவை முன்னும் பின்னும் இழுத்தால், கழற்றாமலேயே உள்ளிருக்கும் அழுக்கு வந்துவிடும்.

பாபின் கேஸை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் அது தானாக ஓடி விழக் கூடாது; கையை லேசாக உதறினால் சிறிது இறங்கி நிற்க வேண்டும். கீழ் நூல் இந்த அளவில் இருந்தால், மிச்சத்தை மேல் டென்ஷனிலேயே சரிசெய்யலாம். இரண்டு நிற நூல்களால் தைத்துப் பாருங்கள். மேல் நூல் துணியின் மேல் நேர்கோடாகப் படுத்துக் கீழ் நூலை மேலே இழுத்தால் டென்ஷனைத் தளர்த்துங்கள். அடிப்பக்கத்தில் மேல் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டால், முதலில் நூலை எடுத்துவிட்டு மறுபடி கோத்துப் பார்த்த பிறகே டென்ஷனை முடுக்குங்கள்.

புதிய ஊசி போட்டும் தையல் விட்டுவிட்டு விழுந்தால்தான், ஊசியைப் பிடித்திருக்கும் ஊசித்தண்டின் உயரத்தைச் சோதிக்க வேண்டும். ஊசி முழுதும் இறங்கிய நிலையிலிருந்து 2 முதல் 2.5 மில்லிமீட்டர் மேலேறும் நேரத்தில், ஷட்டிலின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து நூலைப் பிடிக்க வேண்டும். ஷட்டில் முனை கண்ணுக்கும் கீழே வந்தால் ஊசித்தண்டு தளர்ந்து மேலேறியிருக்கிறது என்று பொருள். முகத்தகட்டின் பின்னுள்ள திருகைத் தளர்த்தித் தண்டைச் சிறிது இறக்கி இறுக்கலாம். பழைய நிலையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளாமல் அந்தத் திருகைத் தொடாதீர்கள்.

ஸ்டாண்டும் பெட்டியும்

மிதியின் இரு முனைகளுக்கும் பெரிய சக்கரத்தின் அச்சுக்கும் எண்ணெய் விட்டு, பழைய பெல்ட்டை மாற்றுங்கள். புதிய தோல் பெல்ட் நாளடைவில் நீளும் என்பதால் ஆரம்பத்திலேயே சரியான நீளத்துக்கு வெட்டிவிட வேண்டாம். தேவைப்படும்போது ஒரு விரல் கடை அளவு குறைத்து மறுபடி கம்பி மாட்டிக்கொள்ளலாம். பெல்ட் மிகவும் இறுகினால் மிதிப்பது பாரமாகிவிடும்.

மிஷினுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதை நான் ஏற்பதில்லை. முன் விளிம்பில் துணி உராய்ந்து உராய்ந்து பொன்நிறம் தேய்ந்த இடம், அந்த வீட்டுப் பெண் எத்தனை ஆண்டு தைத்தார் என்பதற்கான சான்று. அதை மறைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை என்றே கருதுகிறேன்.

மீட்டெடுத்த மிஷினை மழைநீர் கசியும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையால் மூடினால் உள்ளே ஈரம் அடைபடும். பருத்தித் துணியால் மூடுவதே நல்லது. இடவப்பாதி தொடங்கும் முன் பளபளப்பான பாகங்கள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, மழைக்காலம் முழுவதும் வாரம் ஒரு முறையாவது சில அடிகள் தைத்துவாருங்கள்.