கரையில் 240, நடுக்குளத்தில் மைனஸ்: ஓஆர்பி பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்து இறால் குளங்களில் ஓஆர்பி மீட்டரோடு நிற்கும் பையன்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். ஓஆர்பி என்றால் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம்; எண் நன்றாக மைனஸில் போனால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் நடக்கிறது என்று பொருள். நல்லதுதான். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை அவர்களும் அடிக்கிறார்கள். பேட்டரி தீர்ந்தது, மூடியைக் கழற்ற மறந்தது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும், விடுங்கள்.

கரையோரம் முக்கிப் பார்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். வெயில் ஏறியபின், ஏரேட்டர் ஓடும் கரையில் குனிந்து மேல்தண்ணீரில் முக்குவார்கள். 240 மில்லிவோல்ட் காட்டும். காட்டாமல் என்ன செய்யும்? அங்கே பாசியும் காற்றும் ஆக்சிஜனைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. இறால் மேய்வது அடியில் அல்லவா?

கிள்ளையில் ஒரு தம்பி தினமும் மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எல்லாம் இருநூறுக்கு மேல். திடீரென்று செக் டிரேயில் (இறால் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் தட்டு) தீவனம் மிஞ்சத் தொடங்கியது. அவர் தீவனத்தைத் திட்டினார். தெப்பத்தில் ஏறி, மூங்கில் கழியில் ப்ரோபை (மீட்டரின் அளக்கும் முனையை) கட்டி நடுக்குளத்துச் சேற்றில் இறக்கினோம். எண் சரசரவென்று இறங்கி, பூஜ்யத்தைத் தாண்டி மைனஸ் 300-ஐத் தொட்டது. கழியைத் தூக்கினால் அழுகிய முட்டை வாடை.

ஏரேட்டர் தண்ணீரைச் சுற்றிவிடுவதால் மிச்சத் தீவனம், எச்சம், உரித்துப்போட்ட ஓடு எல்லாம் நடுவில்தான் சேரும். அங்கே ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா நைட்ரேட்டில் கைவைக்கும், அப்புறம் இரும்பு, கடைசியில் சல்பேட். அதிலிருந்து வருவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. வெள்ளாற்றுக் கழிமுகத் தண்ணீரில் கடலின் சல்பேட் தாராளம். நன்னீரில் கெண்டை வளர்ப்பவருக்கு இந்த அளவு பயம் இல்லை. விடியற்காலை பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கும்போது அந்த விஷத்தின் வீரியமும் கூடும். தம்பியின் மீட்டரோ பத்து மணிக்குத்தான் வெளியே வந்தது. நூறு கவுண்ட்டிலேயே, அதாவது கிலோவுக்கு நூறு இறால் என்ற சின்ன அளவிலேயே, பிடித்து விற்றார். தீவனக் கடன் பாதிகூட அடையவில்லை.

சேற்றை மக்கில் அள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து பார்ப்பதும் உதவாது, காற்றுப் பட்டால் எண் ஏறிவிடும். நீளமான கேபிள் உள்ள ப்ரோப் வாங்குங்கள். விடியுமுன், எப்போதும் ஒரே இடத்தில் இறக்குங்கள்.

உடனே எண்ணைக் குறித்துக்கொள்வது

குளத்துத் தண்ணீரில் நிலைக்கப் பத்து, இருபது நிமிடம்கூட ஆகும். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டிஓ மீட்டர் வேண்டாம் என்பது

வேண்டும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளப்பது டிஓ மீட்டர்தான். ஓஆர்பி ஆக்சிஜனின் அளவு அல்ல.

பிஎச்சைப் பார்க்காமல் பதறுவது

பிஎச் ஒன்று கூடினால் ஓஆர்பி சுமார் 59 மில்லிவோல்ட் இறங்கும். பாசி மிகுந்த குளத்தில் மதியம் எண் குறைந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இன்னொன்று: ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஹைட்ரஜன் எலக்ட்ரோடை ரெஃபரன்ஸாக, அதாவது ஒப்பீட்டுக்கு, வைத்த கணக்கு இருக்கும். நம் மீட்டரில் ரெஃபரன்ஸாக இருப்பது சில்வர் குளோரைடு எலக்ட்ரோடு. நம் எண்ணோடு ஏறக்குறைய 200 கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

ப்ரோபை டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைப்பது

கூடவே கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். சேற்றில் இறக்கிய ப்ரோபை உடனே கழுவிவிடுங்கள். சல்பைடு உள்ளே புகுந்து ரெஃபரன்ஸைக் கெடுத்துவிட்டால் பெரும்பாலும் புதிது வாங்க வேண்டியதுதான்.