வைஸ் இல்லாமல் பலகையை இறுக்கிப் பிடிக்க ஓர் ஆப்பு

தச்சு மேசை அமைப்பவர்கள் தொடக்கத்திலேயே வைஸ் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் திருகுப் பிடி) வாங்க வேண்டியதில்லை. மேசைப் பரப்பில் இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை, மரத்தை இழைக்கும் இழைப்புளி செல்லும் திசையில் இடைவெளி சற்றே குறுகிவருமாறு திருகாணியால் பொருத்தி, நேராக உள்ள துண்டோடு பலகையை ஒட்டிவைத்து, சாய்ந்த துண்டுக்கும் பலகைக்கும் நடுவே அதே சரிவில் செதுக்கிய ஆப்பைக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்டிச் செருகினால் போதும்.

8 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் என்ற அளவில் சரிவு இருந்தால், மரத்தோடு மரம் உராய்வதே ஆப்பைப் பின்வாங்க விடாது. பலகை முன்னே நகர முயலும்போதெல்லாம் ஆப்பையும் இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும். ஆப்பும் ரீப்பரும் பலகையைவிட உயரம் குறைந்தே இருக்க வேண்டும்; இல்லையேல் இழைப்புளியின் தகடு அவற்றில் மோதிப் பழுதாகும்.

நன்கு காய்ந்த அயனி மரத் துண்டு ஆப்புக்கு ஏற்றது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்வதால், ஈரக்காற்றில் மரம் பருத்து ஆப்பு சிக்கிக்கொள்ளக்கூடும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

மெல்லிய பலகை பக்கவாட்டு அழுத்தத்தில் வளைந்துவிடும் என்பதால் அதற்கு இம்முறை ஆகாது. பலகையை நிமிர்த்தி நிறுத்தி மூட்டு அறுப்பதற்கு வைஸ்தான் வேண்டும்.