பிள்ளைகளோடு மணாலியிலிருந்து லேவுக்கு சைக்கிளில்: படுக்கும் இடத்திலிருந்து திட்டம் போடுங்கள்

ராசிபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. 2022 ஆகஸ்ட் கடைசியில் நான், மனைவி, அப்போது 14 வயதான மகள், 11 வயதான மகன் என்று நாலு பேரும் இமாச்சலத்து மணாலியிலிருந்து ரோத்தங் வழியாக லடாக்கின் லேவுக்கு சைக்கிளில் போனோம். சுமார் 475 கிலோமீட்டர், 21 நாள். அதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன சைக்கிள்ல போனீங்க?" என்றுதான். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் படுக்கப்போகிறீர்கள் என்பது.

மணாலி சுமார் 2,050 மீட்டர். வழியில் உள்ள கணவாய்கள் ரோத்தங் 3,978, பாராலாச்சா ஏறக்குறைய 4,890, பிறகு நக்கீ லா, 5,000-க்கு மேல் உள்ள லாச்சுலுங் லா, கடைசியாக 5,300 தாண்டும் தங்லங் லா. 'லா' என்றாலே கணவாய்தான். இந்த எண்களைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் கணவாயில் நாம் அரை மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவோம். உடம்பைப் பதம் பார்ப்பது எட்டு மணி நேரம் படுத்துத் தூங்கும் இடத்தின் உயரம். மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் நடுவே படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு ராத்திரி. காரில் போகிறவர்கள் ஜிஸ்பாவில் (3,200) படுத்து மறுநாள் சர்ச்சுவில் (4,290) படுக்கிறார்கள். தலைவலியும் வாந்தியும் வராமல் என்ன செய்யும்? சைக்கிளின் மெதுவான வேகம் இந்த ஒரு விஷயத்தில் நமக்குப் பெரிய துணை, அதை வீணாக்காமல் இருந்தால்.

நான் வீணாக்கினேன். மணாலியில் இரண்டு ராத்திரி, பிறகு கோட்டி, மார்ஹி, ரோத்தங் தாண்டி கோக்சர், சிஸ்ஸு, கீலாங்கில் இரண்டு ராத்திரி, ஜிஸ்பா வரை கச்சிதமாக வந்தோம். அடுத்த ராத்திரி பாட்சியோ (3,800), ஒரேயடியாக 600 மீட்டர் கூடிவிட்டது, அதனால் அங்கே இன்னொரு நாள் தங்கியிருக்க வேண்டும். பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருந்தார்கள், வானமும் தெளிவாக இருந்தது. நேராக ஜிங்ஜிங் பார் என்ற இடத்துக்கு (4,270) ஏறிவிட்டோம். அன்று சாயங்காலம் மகள் சாப்பிடவில்லை. நாலு பேரில் அவள்தான் ஏற்றத்தில் எப்போதும் முன்னால் போகிறவள். "தலை வலிக்குதுப்பா, ஒண்ணுமில்ல, தூங்கினா சரியாயிடும்" என்றாள். காலையிலும் வலி நிற்கவில்லை, இரண்டு முறை வாந்தி. மனைவி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "என்னங்க, மேல ஒரு அடிகூட வேணாம். இறங்கலாம்." கீழே போன ஒரு லாரியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு பாட்சியோவுக்கே திரும்பினோம். மத்தியானத்துக்குள் மகள் ஆம்லெட் கேட்டாள். இரண்டு ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு மறுபடி ஏறினோம். 18 நாள் திட்டம் 21 ஆனது இப்படித்தான். கால் பலத்துக்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த ஜிங்ஜிங் பாரில்தான் நான் கண்டுகொண்டேன்.

பிள்ளைகள் உடம்பைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். சிறுவர்களிடம் முதலில் தெரிவது எரிச்சல், சாப்பாட்டில் விருப்பமின்மை, விளையாடாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுவது. தினமும் சாயங்காலம் கூடாரம் போட்டதும் நாலு பேரும் குதிகாலும் கால்விரலும் ஒட்ட நேர்கோட்டில் பத்தடி நடந்து பார்ப்போம். தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே இறங்க வேண்டும். தலைவலி மட்டும் என்றால் ஏறாமல் அதே இடத்தில் இருங்கள். குறையாவிட்டால் இறங்குங்கள். உயரத்தால் வரும் தலைவலி, வாந்திக்குக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றிக் கிளம்புமுன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு, சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதையும் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு வேகமாக ஏறலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். லாரிக்குக் கை காட்ட வெட்கமும் வேண்டாம்.

பயிற்சிக்கு எங்களுக்குக் கொல்லிமலை பக்கத்திலேயே இருந்தது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஆறு மாதம், மாதம் இரண்டு ஞாயிறு, மூட்டையோடு ஏறி இறங்கினோம். இது காலுக்கும் பிரேக் பிடிக்கும் விரலுக்கும்தான் பயிற்சி, உயரத்துக்கு அல்ல. நம்மூர் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர். மார்ஹியில் விரிக்கும் பாய் அதைவிட உயரத்தில் கிடக்கும்.

சரி, இப்போது சைக்கிள். விலை உயர்ந்தது தேவையில்லை. முன்னால் மூன்று பல்சக்கரம் இருக்க வேண்டும், அதில் சிறியது 22 பல், பின்னால் பெரியது 34 பல். இது இருந்தால் மூட்டையோடு மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க மிதிக்கலாம். டயர் இரண்டு அங்குல அகலம். மகனுக்கு 24 அங்குலச் சக்கர வண்டி. அந்த அளவு டியூபும் டயரும் வழியில் கிடைக்காது, ஆகவே மூன்று டியூப், மடிக்கிற டயர் ஒன்று கையில் இருந்தன. பிள்ளைகளின் பிரேக் லீவரில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருகி லீவரைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவந்து, குழந்தையின் விரல் இரண்டாவது கணுவரை பிடிக்கும்படி வைத்துக்கொடுங்கள். பெரியவர்கள் கைக்கு வைத்த லீவரோடு ரோத்தங் இறக்கத்தில் ஒரு பிள்ளையை விடுவது ஆபத்து. பிரேக் கட்டை ஆளுக்கு இரண்டு ஜோடி உபரியாக வேண்டும். ரோத்தங்கின் மணாலிப் பக்கம் மழையும் சேறும். சேறு கலந்த மணல் கட்டையை அரம் போலத் தேய்த்துவிடும்.

கம்பி உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், பிரீவீல் இருக்கும் பக்கம். கேரியர் பாரம் முழுதும் அங்கேதான் இறங்குகிறது. சரியான நீளக் கம்பி ஆறு எடுத்து சட்டத்தில் டேப் சுற்றி ஒட்டி வையுங்கள். அதோடு பிரீவீல் கழற்றும் கருவியும் வேண்டும், அது இல்லாமல் அந்தப் பக்கத்துக் கம்பியை மாட்ட முடியாது. இதைக் கம்பி மட்டும் எடுத்துப்போன பலர் மறந்திருக்கிறார்கள். எனக்குத் தங்லங் லாவுக்கு முன்னால் வரும் மோரே சமவெளியில் ஒன்று முறிந்தது. மகன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, காற்றில் மணல் கண்ணில் விழ விழ மாட்டினேன்.

பாரம் பிரிப்பதில் தாட்சண்யம் வேண்டாம். என்னிடம் 28 கிலோ, மனைவியிடம் 16, மகளிடம் 6, மகனிடம் அவனுடைய தண்ணீரும் கம்பளிச் சட்டையும் மட்டும். அவன் சோர்ந்தால் இழுக்க, பழைய டியூபை நீளமாக வெட்டி ஒரு முனையை என் சீட்டுக் கம்பியில் முடிந்து, மறுமுனையை வளையமாக்கி அவன் ஹேண்டில் நடுவே மாட்டுவோம். ரப்பர் என்பதால் வெட்டி இழுக்காது. ஏற்றத்தில் மட்டுமே மாட்டலாம். சமதளம் வந்ததும் கழற்றிவிட வேண்டும். அவனே ஒரு கையால் கழற்றத் தெரிந்த பிறகுதான் சாலையில் பயன்படுத்தினோம்.

சைக்கிள்களை ரயிலில் பார்சலாகப் போட்டு டெல்லி, அங்கிருந்து பஸ்ஸில் மணாலி. பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, கியர் பக்கம் அட்டை வைத்துச் சாக்குச் சுற்றினால் போதும். அடுப்பு எரிபொருளை ரயிலில் கொண்டுபோகக் கூடாது, மணாலியில் வாங்கிக்கொள்ளுங்கள். கீலாங்கில் பணம் எடுத்துவிடுங்கள். லடாக்கில் வெளிமாநில பிரீபெய்டு சிம் வேலை செய்யாது, ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். ஜிஸ்பா தாண்டினால் எந்த சிக்னலையும் நம்பாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயரத்தில் பசி செத்துவிடும். 4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் அரிசி வேகாது. இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றைச் சுமந்தோம், அந்தச் சுமைக்கு நான் ஒருநாளும் வருத்தப்படவில்லை. தாபாக்களில் ராஜ்மா, பருப்புச் சோறு, பரோட்டா, மேகி எல்லாம் கிடைக்கும். நாலாவது நாளே பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. மனைவி வீட்டில் செய்து எடுத்துவந்த புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும்தான் சர்ச்சுவில் அவர்களைச் சாப்பிட வைத்தன. கூடவே என் அம்மா உருட்டிக் கொடுத்த பொரிவிளங்காய் உருண்டை. மாதக்கணக்கில் கெடாது, குளிரில் கல்லாகும், வாயில் ஒதுக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் மிதிக்கலாம். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துப்போனோம், பாட்டிலில் உறைந்து வெளியே வரவே இல்லை. வாயகன்ற டப்பாவில் எடுங்கள். நாலு பேருக்கும் நல்ல கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

பள்ளி விடுமுறை இதற்குப் பொருந்தாது. மே மாதம் மேலே பனி மூடியிருக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். தலைமையாசிரியரை நேரில் பார்த்து விடுப்புக் கேட்டோம், கொடுத்தார்கள். ரோத்தங்குக்கு அடியில் போகும் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு லே போகும் லாரிகள் பெரும்பாலும் ரோத்தங் ஏறுவதில்லை, அதனால் அந்தக் கணவாய் முன்பைவிட அமைதி. செவ்வாய்க்கிழமைகளில் பராமரிப்புக்காகச் சுற்றுலா வண்டிகளையும் விடுவதில்லை. குலாபா சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு நாங்கள் அந்த நாளில்தான் மார்ஹிக்கு ஏறினோம். சாலை முழுக்க எங்களுடையது.

தினமும் ஆறரைக்குக் கிளம்பி இரண்டு மணிக்குள் நிறுத்திவிடுங்கள். இது சோம்பல் இல்லை. பனி உருகி சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு, சாயங்காலம் முழங்காலுக்கு மேல், கூடவே கல்லும் உருளும். சர்ச்சுவிலும் மோரேயிலும் மத்தியானத்துக்குப் பிறகு எதிர்க்காற்று பிள்ளைகளை நிறுத்தியேவிடும். ஓடையைத் தாண்டும்போது சாக்ஸைக் கழற்றி, வெறும் செருப்போடு நடந்து, அக்கரையில் காலைத் துடைத்து மறுபடி போடுங்கள். ஈர சாக்ஸோடு ஒரு மணி நேரம் மிதித்தால் விரல் மரத்துப்போகும்.

தாண்டியில் சந்திரா, பாகா இரண்டு ஆறும் கூடும், அதுதான் பிறகு செனாப். அங்கிருந்து பாகாவின் கரையிலேயே ஏறிப்போனால், பாராலாச்சாவுக்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் ஏரி. அதிலிருந்துதான் பாகா கிளம்புகிறது. நாள்கணக்காகக் கூட வந்த ஆறு குறுகிக்குறுகி வாய்க்காலாகி ஏரிக்குள் போய் முடிவதைப் பார்த்து மகன் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டான். அங்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆனால் கணவாய்க்கு அந்தப் பக்கம் பரத்பூர் கூடாரங்களில் படுக்காதீர்கள், அது மிக உயரம். சர்ச்சு வரை இறங்கி இரண்டு ராத்திரி தங்குங்கள்.

அடுத்தது கட்டா வளைவுகள், 21 திருப்பம். அடிவாரத்து ஆற்றங்கரையில் (சுமார் 4,190) கூடாரம் போட்டுவிட்டு விடிந்ததும் ஏறுங்கள். மேலே தண்ணீர் கிடையாது, ஆளுக்கு மூன்று லிட்டர் நிரப்புங்கள். வழியில் ஓரிடத்தில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கும். லாரியோடு பனியில் மாட்டிக்கொண்டு தாகத்தில் இறந்துபோன கிளீனருக்குப் போகிறவர்கள் வைப்பது என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். மகன் தன் பாட்டிலிலிருந்து அரை லிட்டரை அங்கே வைத்தான். அன்று நக்கீ லா தாண்டி விஸ்கி நாலாவில் படுத்தோம், மறுநாள் லாச்சுலுங் ஏறி பாங் (4,600). ஒரே நாளில் இரண்டு கணவாய் என்று பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகளோடு முயற்சிக்காதீர்கள்.

மோரே சமவெளி 40 கிலோமீட்டர் தட்டை. அதன் கடைசியில் ஒரு ராத்திரி, மறுநாள் தங்லங் லா. பலகையில் 17,582 அடி. அங்கே கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே கூடுதலான காற்றுதான். நூறு மிதி, ஒரு நிறுத்தம் என்று எண்ணிக்கொண்டே ஏறினோம். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியே வைக்காமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வரச் சொல்லுங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ரிம் சூட்டைப் பார்த்துக் கையை உதற வேண்டும். ரும்சேயில் பார்லி வயலைப் பார்த்ததும், ஒரு வாரம் கழித்துப் பச்சை நிறம் என்று மனைவி சொன்னாள். குழந்தைகள் ஓடிவந்து "ஜூலே!" என்றார்கள்.

உப்ஷியில் சிந்து நதி வரும். அங்கிருந்து லே வரை ராணுவ வண்டிகள் அதிகம், ஒருவர் பின் ஒருவராக, பிள்ளைகள் நடுவில். சோக்லம்சரிலிருந்து லே கடைத்தெரு வரை மறுபடி ஏற்றம். சுமார் எட்டு கிலோமீட்டர், வெயிலில். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டேன். "ஆறு வந்தா இறக்கம்தான்னு சொன்னீங்களேப்பா" என்று மகன் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டான். உருண்டை டப்பாவைத் திறந்தால் காலி. நீங்கள் நாலு உருண்டையை அந்த ஏற்றத்துக்கென்று தனியாக முடிந்து வையுங்கள்.